ஊதா முத்திரை வைத்த வெறுந்தாள்கள்

லண்டன் டூட்டிங்கில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே, ஊருக்கு உதவி செய்யும் எங்கள் சங்கத்தின் அலுவலகம். செயலாளர் நான்தான், பதினாறு வருஷமாக. மாத முடிவில் பூட்ட வேண்டி வரலாம் என்று நேற்று அலுமாரியை ஒதுக்கியபோது ஒரு மஞ்சள் கடிதவுறை அகப்பட்டது. உள்ளே ஆறு வெறுந்தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மன்னார், பேசாலை நண்டு பதனிடும் பெண்கள் சங்கத்தின் ஊதா முத்திரை, அதன் தலைவி றஜீனாவின் கையெழுத்து. முகர்ந்து பார்த்தேன். கருவாட்டு மணம் இன்னும் போகவில்லை. கண் கலங்கிவிட்டது.

என்ன காலம் அது! ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித் திட்டங்களில் ‘கூட்டாண்மை’ என்பதுதான் மந்திரம். உதவி பெறுகிறவரும் சமமாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மன்னாரிலிருந்து தபால் வர மூன்று கிழமை. பிரசல்ஸில் இருக்கும் ஒன்றிய அலுவலகம் பொறுக்குமா? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். றஜீனா வெறுந்தாள்களில் கையெழுத்து வைத்து முன்கூட்டியே அனுப்பிவிடுவாள். ‘நாங்கள் கூடிப் பேசி முடிவெடுத்தோம்’ என்று மேலே நான் அச்சடித்துக்கொள்வேன். எங்களுக்குள் அப்படி ஒரு நம்பிக்கை என்று கூட்டங்களில் மார்தட்டியிருக்கிறேன்.

பிறகு பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. புதிய திட்டத்துக்கு நாங்கள் விண்ணப்பிக்க வழியில்லை, றஜீனாவின் சங்கமே தலைமை விண்ணப்பதாரர். கூட்டாளிகள் பட்டியலில் அவள் எங்களைச் சேர்த்தால் அலுவலகம் பிழைக்கும். தாள்கள் கையில் இருக்கவே, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவளுக்குப் போன் எடுத்தேன்.

“என்ன முத்தண்ணை, உங்களைச் சேர்க்காமலோ? நாளைக்கே ஒப்பந்தத்தை அனுப்புறன்,” என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோசத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒப்பந்தம் அனுப்பி மினக்கெடாதையும் பிள்ளை. பழையபடி செய்வம். நான் வெறுந்தாளில கையெழுத்து வைச்சு அனுப்புறன், நீர் விரும்பினதை எழுதும்.”



“வேண்டாம் அண்ணை. வடிவா வாசிச்சுப்போட்டே கையெழுத்து வையுங்கோ. வெறுந்தாளில வைச்சுப்போட்டு, மேல என்ன வரப்போகுதோ எண்டு நித்திரையில்லாமல் கிடக்கிறது எவ்வளவு பயம் எண்டு எனக்குத் தெரியும்.”

அவள் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஆறு தாள்களையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.