மாப்பிள்ளை வீட்டு நடுவர்

என் கணவரை ஊரெல்லாம் 'பழம்' என்றுதான் கூப்பிடும். இனிப்பானவர் என்பதற்காக இல்லை. யாரும் தொடாமலே விழுவார் என்பதற்காக. ஒன்பதாம் எண் சட்டை போட்டுக் கால்பந்து ஆடிய காலத்தில், எதிரணிக்காரன் தள்ளி நின்று தும்மினால்கூட இவர் கோல் வாசலுக்கு முன்னால் உருண்டு புரண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, "ஐயோ அம்மா" என்று அலறுவார். நடுவர் விசில் ஊதியதும் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கிடைத்த பெனால்டியைத் தானே அடித்துக் கோலாக்குவார். அந்தக் கோல்கள் சம்பாதித்துக் கொடுத்ததுதான் நாங்கள் இருக்கும் மூன்றாம் மாடி வீடு. அதனால் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. இருந்தாலும் சொல்வேன்.

ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. காய்கறிப் பையைத் தூக்கச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்துவிடுவார். நட்சத்திர ஆட்டக்காரராயிற்றே என்று டிவியில் வர்ணனை செய்யக் கூப்பிட்டார்கள். எவன் விழுந்தாலும் "பெனால்டி, பெனால்டி" என்று கத்தியதில், கும்பிடு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் அவர் வலியை யாரும் நம்புவதில்லை. தலைவலி என்று சொன்னால் மகள், முதலில் ரீப்ளே பார்க்க வேண்டும் என்பாள்.

ஆனால் ஒரே ஒரு தடவை விழுந்தது மட்டும் நிஜம் என்று மனிதர் சாதித்துக்கொண்டே இருந்தார். அது ஒரு இறுதிப் போட்டி. ஆட்டம் முடியப்போகிறது, இரண்டு பக்கமும் சமம். இவர் பந்தோடு உள்ளே போய் விழுந்தார். நடுவர் பெனால்டி கொடுக்கவில்லை. நடித்ததற்காக மஞ்சள் அட்டையை நீட்டினார். அன்றைக்கு அது இரண்டாவது மஞ்சள் என்பதால் கூடவே சிவப்பும் வந்தது. இவர் வெளியே போனார், அணி தோற்றது. மைதானத்தில் இருந்த ஒரே கேமரா இவர் முதுகைத்தான் காட்டியது. கணுக்கால் வீங்கியிருந்ததே என்றால், உடை மாற்றும் அறைக் கதவை அதே காலால்தான் கோபத்தில் உதைத்திருந்தார். வீக்கம் கதவின் கணக்கில் போய்விட்டது. அன்றிலிருந்து குழம்பில் உப்பு குறைந்தாலும் அவர் திட்டுவது அந்த நடுவரைத்தான்.

இந்த லட்சணத்தில் என் மகள் ஒருவனைக் காதலித்தாள். தங்கமான பையன், நிலையான வேலை. பையனின் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். ரிட்டயர்டு ரெஃப்ரி என்றாள். எந்த ரெஃப்ரி என்று வேறு கேட்க வேண்டுமா? உனக்கு உலகத்தில் வேறு ஆளே அகப்படவில்லையாடி என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

என் கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைவிட மோசமாக ஒரு நிபந்தனை போட்டார்.

"அந்த ஆள் என் வீட்டுக்கு வந்து, என் மூஞ்சிக்கு நேரா, அது பெனால்டிதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷமே கல்யாணத்துக்குத் தேதி பாக்கலாம்."

பையன் போய் அப்பாவிடம் கேட்டான். தன் கண்ணில் படாததை மகன் கல்யாணத்துக்காகக்கூடச் சொல்ல முடியாது என்று அவர் சொல்லி அனுப்பினார். இங்கே வீம்பு, அங்கே பிடிவாதம். நடுவில் என் மகள் அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டு, தட்டுகளை மேசையில் ணங்கென்று வைக்க ஆரம்பித்தாள். தட்டுகள் தாங்காது என்று தோன்றியதும் நானே போன் போட்டு, அப்பாவையும் பிள்ளையையும் ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வரச் சொன்னேன்.

வந்தார்கள். நடுவர் ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, பையில் ஒரு பேனா. செருப்பைக் கழற்றி, கோடு போட்டதுபோல் நேராக வைத்தார். என் கணவர் எதிரே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்து முடிகிறவரைக்கும் வெயிலைப் பற்றி நான் ஒருத்தியே பேசிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இவருக்குப் பொறுக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே செய்து காட்டுகிறேன் என்று எழுந்துவிட்டார். டீப்பாயை ஓரம் கட்டினார். தரைவிரிப்பு கோல் முகமாயிற்று, சோபாத் தலையணை பந்தாயிற்று. பையனைக் கையைப் பிடித்து இழுத்து விரிப்பின் ஓரத்தில் நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, இங்க நில்லுங்க. நான் வர்றப்போ இடது காலை நீட்டணும், புரியுதா?"

மாப்பிள்ளை என்று சொன்னது அவருக்கே தெரியவில்லை. மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பால்கனிக் கதவிலிருந்து தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பையன் பயந்துபோய் நீட்டிய காலை இழுத்துக்கொண்டான். ஆனால் விரிப்பு வழுக்கியது. மனிதர் பறந்து போய் டீப்பாய்க் கால் பக்கத்தில் விழுந்தார்.

நாங்கள் சிரித்தோம். மகள் கைகூடத் தட்டினாள். போதும் எழுந்திருங்கள், வந்தவர்கள் முன்னால் மானம் போகிறது என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு தரையையே பார்த்துக் கிடந்தார்.

நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இவர் பக்கத்தில் மண்டியிட்டார்.

"யாரும் காலைத் தொடாதீங்க. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. இது நிஜம்."

இவரோடு குடும்பம் நடத்துகிற எனக்குத் தெரியாத நடிப்பா என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"இல்லம்மா. எத்தனை மேட்ச்ல இவர் பின்னாடியே ஓடியிருக்கேன். நடிச்சார்னா தரையில படுறதுக்கு முன்னாடியே கத்திடுவார். இப்போ சத்தமே வரல பாருங்க."

என் கணவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"சார்," என்றார். "அன்னிக்கு நான் கத்தினேனா?"

நடுவர் அந்த விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு அது எங்கள் வீட்டு விரிப்பாகத் தெரிந்திருக்காது. பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். என் மகள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கத்தல," என்றார் நடுவர். "கத்தவே இல்ல. எனக்கு அது அப்போ தோணாமப் போச்சே."

பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டு, வலது கையை நீட்டி, விரிப்பின் நடுவைச் சுட்டிக் காட்டினார். பெனால்டி.

என் கணவர் அழுதார். அதற்கும் சத்தம் வரவில்லை. என்ன சொல்வது, எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது என்றார்கள். ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். சம்பந்திகள் இரண்டு பேரும் கட்டிலிலேயே காலண்டரை விரித்துவைத்துத் தேதி பார்க்க ஆரம்பித்தார்கள். பெண்ணையும் பிள்ளையையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது நர்ஸ் மாவுக்கட்டு போடத் துணிச்சுருளோடு உள்ளே வந்தார். வாசலைத்தான் தாண்டியிருப்பார்.

"ஐயோ அம்மா, செத்தேன்!" என்று என் கணவர் வார்டே அதிர அலறினார்.

நடுவரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அட்டை இல்லாததால் பேனாவை எடுத்து உயர்த்திப் பிடித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இனி மனிதருக்கு ஒன்றுமில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கப் போனேன்.