ஏழு மாடியும் ஒரு வாலும்

சனிக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு ஏழு மாடி மருத்துவமனை ஒன்று இடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. வாசலில் நின்ற ஆம்புலன்ஸ் மட்டும் வாலில் அடிபட்டுப் பறந்து, பசை டப்பாவில் மோதிக் கவிழ்ந்தது.

இடித்தவருக்கு வயது ஐம்பத்து மூன்று. உடம்பு முழுக்க மெத்தை நுரை, அதன்மேல் பழைய ரப்பர் விரிப்பு, முதுகில் வரிசையாய் முள். உள்ளே வியர்வை ஆறாக ஓடியது. ஆனாலும் அவருக்குப் பரமானந்தம்.

கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் அவர் மாதிரிக் கூடத்தின் தலைவர். கட்டப்போகும் கட்டடங்களை அட்டையில் முழங்கால் உயரத்துக்குச் செய்துகாட்டும் வேலை. ஒரு ஜன்னல் இம்மி பிசகினாலும் பிய்த்தெறிந்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வார். அதனால் அவருக்கு விழுந்த பெயர் மில்லிமீட்டர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குப் பழைய ஜப்பானிய ராட்சத மிருகப் படங்கள் என்றால் உயிர். குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு கைபேசியில் பார்ப்பார். அவருக்கு வயிற்றுக் கோளாறு என்று நம்பிய மனைவி டாக்டரிடம் நேரம்கூட வாங்கிவைத்திருந்தாள்.

ரப்பர் தோலுக்குள் ஒரு மனிதன் இருப்பது குழந்தைக்கும் தெரியும். அதில்தான் அவருக்குக் கிறக்கம். யாரோ ஒருவர் வாரக்கணக்கில் முதுகொடிய உட்கார்ந்து, ஓடு ஓடாக அடுக்கி, மின்கம்பங்களுக்குக் கம்பி இழுத்து, ஜன்னலுக்குத் திரைகூட மாட்டி ஓர் ஊரைச் செய்திருப்பார். நாலே நொடியில் அது காலி. அந்த நாலு நொடியை மெதுவாக ஓடவிட்டு, அட்டைக்கு ஆயிரம் டன் கனத்தை வரவழைத்திருப்பார்கள். மிருகத்துக்கோ யார்மேலும் கோபமில்லை. கடலிலிருந்து எழுந்து வருகிறது, வழியில் ஊர் இருக்கிறது, அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தவருக்கு, அந்த வால் ஒருமுறை சுழன்றால் நெஞ்சுக்குள் எதுவோ அவிழும்.

வேண்டாம் என்று ஒதுக்கிய மாதிரிகளை உடைத்துப் போடுவது அலுவலக வழக்கம். மூன்று வருடமாக அந்த வேலையைச் சனிக்கிழமை மதியங்களில், எல்லோரும் கிளம்பியபின், தானே செய்துகொண்டிருந்தார். மிருக உடையோடு. கேமராவோடு.

இந்த மருத்துவமனைக்கு இரண்டு மாதிரிகள். முகப்பு இரண்டுக்கும் ஒன்றே. பின்பக்கத்தில் படிக்கட்டு இருப்பது தள்ளுபடி. ஸ்ட்ரெச்சர் போகச் சாய்தளம் இருப்பதுதான் திங்கள் மாலை நாலு மணிக்கு மருத்துவமனைத் தலைவருக்குக் காட்டவேண்டியது. கைபேசியைத் தரையோடு தரையாக வைத்து, தெருவிலிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணத்துக்காக முகப்பை மட்டும் பார்த்து ஒன்றை எடுத்துவைத்தார். கேமராவுக்குத் தெரியாத பின்பக்கம், ரப்பர் தலை மறைத்ததில், அவர் கண்ணிலும் படவில்லை.

ரப்பர் தலையைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். காலடியில் நொறுங்கிக் கிடந்தது சாய்தளம்.

உடையைச் சாக்கில் திணித்தார். சிதைந்ததை வாரி அலமாரிக்குக் கீழே கொட்டினார், மேல்தட்டிலிருந்து தானாக விழுந்த மாதிரி. ஆம்புலன்ஸைக்கூடத் தேடியெடுத்துப் பக்கத்தில் போட்டார். மில்லிமீட்டர் அல்லவா!

அந்த மேல்தட்டில் மாதிரியைக் கடைசியாக வைத்தது யார் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

திங்கள் காலை தெரிந்தது.

"யாரு வெச்சது?" அலுவலகத்துக்குச் சொந்தக்கார மேடம் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நான்தான் மேடம்." மாதிரிகளுக்குக் கம்பியிலும் பஞ்சிலும் குட்டி மரங்கள் செய்கிறவள் முன்னே வந்தாள். பத்து வருடமாக அவருக்கு அடுத்த மேசை. "மரமெல்லாம் ஒட்டிட்டு நல்லா உள்ள தள்ளித்தான் வெச்சேன்."

"உள்ள தள்ளி வெச்சது கால் முளைச்சு நடந்து வந்துச்சா?"

"சத்தியமா மேடம்..."

"நாளையிலேர்ந்து வராதே."

இப்போது சொல்லிவிடலாம். அவர் வாயைத் திறந்தார். சாக்குக்குள் இருந்த வால் ஞாபகம் வந்தது. ஐம்பத்து மூன்று வயது.

"நாலு மணிக்குள்ள சரிபண்ணிடலாம் மேடம். இன்னொண்ணு இருக்கு. படியை எடுத்துட்டுச் சாய்தளம் வெச்சா போதும்."

"தெய்வம் சார் நீங்க!" என்றார் மேடம்.

அந்த வார்த்தை அவரைச் சுட்டது.

சிதைவிலிருந்து மரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நிமிர்த்தினாள் மரக்காரி. கண்ணீர் சொட்டச் சொட்ட. திடீரென்று கை நின்றது.

"அண்ணே, மேலேர்ந்து விழுந்தா மூலைதானே நசுங்கும்? இது நட்டநடுவுல நசுங்கியிருக்கு பாருங்க. யாரோ மிதிச்ச மாதிரி."

அவர் நிமிரவில்லை.

"அந்தப் பசையைக் கொடும்மா."

கொடுத்தாள்.

நாலு மணிக்குத் தலைவர் வந்தார், சுற்றிச்சுற்றிப் பார்த்தார், சாய்தளத்தில் விரலை ஓட்டினார், சரி என்றார். போகும்போது மரங்களைக் காட்டி, "இது யாரு செஞ்சது? நிஜ மரம் மாதிரியே இருக்கே" என்றார். மேடம் சங்கடத்தோடு மில்லிமீட்டரைப் பார்த்தார். மூலையில் அவள் தன் கத்தரிக்கோலையும் கம்பிச் சுருளையும் பைக்குள் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

தலைவரின் கார் கிளம்பியதும் மில்லிமீட்டர் தன் கைபேசியை எடுத்து மேசையில் வைத்து, ஓடவிட்டார்.

நாற்பத்தொரு நொடி. மருத்துவமனைக்குப் பின்னாலிருந்து முள்முதுகு எழுந்தது. பாதம் இறங்கியது. ஏழு மாடியும் பெருமூச்சு விடுவதுபோல் மெல்ல உட்கார்ந்தன.

"உள்ள இருக்கறது... யாரு?" மேடம் கைபேசிமேல் குனிந்தார்.

"நான்தான்."

மேடம் வாயைப் பொத்தினார். அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சார்! நீங்களா! வாலை யாரு சார் தெச்சது?"

"நானே."

"ஐயோ, கடவுளே!"

எந்தச் சிரிப்புக்குப் பயந்து குளியலறையில் ஒளிந்தாரோ அது வந்தேவிட்டது. வந்து, போயும் விட்டது. ஒன்றும் ஆகவில்லை.

மரக்காரி சிரிக்கவில்லை. கைபேசியை வாங்கி இன்னொரு முறை பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதைச் சொல்லவா அண்ணே காலையிலேர்ந்து வாயே வரல?"

பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மேடத்தின் சிரிப்பு சட்டென்று நின்றது. "போங்க சார். போய்க் கூட்டிட்டு வாங்க. அவ வரலேன்னா நீங்களும் வராதீங்க."

பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பிடித்தார். மூச்சு வாங்கியது. மன்னிப்பு என்று ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கட்டடம் உடைஞ்சா இன்னொண்ணு செஞ்சுக்கலாம். பத்து வருஷமா உங்களை எங்க வீட்டுல எப்படிச் சொல்லுவேன் தெரியுமா? எங்க அண்ணன் ஒரு மில்லிமீட்டர்கூடப் பொய் சொல்ல மாட்டாருன்னு."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு வருவேன். எனக்கு வேலை வேணும். ஆனா உங்க பக்கத்துல உட்கார மாட்டேன்."

பேருந்து வந்தது. ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் மாடிக்குப் போனார். அவளுடைய மேசையை எதிர்க்கோடி ஜன்னலோரத்துக்குத் தனியாளாகத் தள்ளினார். கனமான மேசை. கால்கள் தரையைக் கீறின. மேடம் உள்ளேயிருந்து, "ஆளைக் கூப்பிடுங்க சார்" என்று கத்தியது கேட்டது. அவர் யாரையும் கூப்பிடவில்லை.