நாத்தனார் பார்த்த வார்டு

நர்ஸ் கண்ணை மூடிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. கொட்டாவிக்கு மட்டும் குறைச்சல் இல்லை. தொற்றுக் காலத்தில் ஊழியர்களின் மனநலம் காக்கவென்று ஆஸ்பத்திரி ஓர் ஆலோசகரை ஏற்பாடு செய்திருந்தது. அவர் போனில், "கண்ணை மூடுங்க, மூச்சை மெதுவா இழுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்து, நான்காவது மூச்சில் தானே உறங்கிப்போனார். அரை மணி நேரம் அந்த மனுஷரின் குறட்டையைக் கேட்டபடி நர்ஸ் வயிறெரிந்து உட்கார்ந்திருந்தாள்.

தலைமை நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. நாலாம் படுக்கைக்காரரின் ஊசியை இவள் ஐந்தாம் படுக்கைக்காரர் கைவரை கொண்டுபோயிருந்தாள்.

"திங்கட்கிழமைக்குள்ள ஒழுங்கா தூங்கித் தெளிஞ்சு வா. இல்லேன்னா உன்னை ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடுவேன். ஏதாவது ஆச்சுன்னா நீயும் நானும்தான் பதில் சொல்லணும்."

ரெக்கார்டு ரூமில் அவளுக்கு என்ன வேலை? இருபத்திரண்டு படுக்கையும் அவளுக்கு மனப்பாடம். அதுதான் வினையும்கூட. முன்பெல்லாம் ஷிப்டு முடிந்தால் அடுத்த நர்ஸ் எதிரே நின்று, படுக்கை படுக்கையாகக் கேட்டுக்கொண்டு, "நான் பாத்துக்கறேன், நீ போ" என்பாள். அதோடு பாரம் இறங்கிவிடும். இப்போது தொற்றிக்கொள்ளும் பயத்தில், விவரத்தைத் தாளில் எழுதி வார்டுக் கதவுக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கண்ணாடி ஒரு வார்த்தை பேசுமா? இருபத்திரண்டு பேரும் தினமும் காலையில் அவளோடு வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை அவள் கட்டிலில் கிடந்து, "ஒண்ணு, ஆக்சிஜன் நாலு லிட்டர். ரெண்டு, சுகர் ஏறியிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் அறையைக் கடந்து போனாள். அவள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் பூட்டிக்கிடப்பதால் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பாடம் நடத்துகிறவள். அண்ணி அடுப்பில் வைத்த பாலைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து, "சரி அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

நர்ஸ் ஐந்து மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

காரணம் புரிந்ததும் நர்ஸ் கேட்டுக்கொண்டாள்; மறுநாளிலிருந்து ஒப்படைப்பு முறைப்படி நடந்தது. நாத்தனார் நோட்டும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்தாள். அரைகுறையாகச் சொன்னால் விடமாட்டாள். "ஒன்பதாம் படுக்கை பரவாயில்லைன்னா, எவ்வளவு பரவாயில்லை? நம்பர் சொல்லுங்க." வார்டை வாங்கிக்கொண்டதும் பொறுப்பு தலைக்கேறியது. பாடம் கேட்ட பிள்ளைகளை, "கத்தாதீங்க, இங்க நோயாளிங்க இருக்காங்க" என்று அதட்டினாள். மதியம் கண் சொக்கியபோது வார்டை அண்ணனிடம் ஒப்படைத்தாள். அண்ணனுக்கு ஆபீஸ் மீட்டிங் வந்தது. அவன் மேனேஜரிடம் ஒப்படைத்தான். நாலு மணிக்கு மேனேஜர் போன் செய்து, பதினாலாம் படுக்கைக்கு ஜுரம் இறங்கியதா, தனக்கு இருப்புக்கொள்ளவில்லை என்றார். மூன்று பேர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு நர்ஸ் சுகமாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் முரண்டு பிடித்தாள்.

"அண்ணி, மூணு நாளா கூட்டிப் பாக்கறேன், கணக்கு உதைக்குது. படுக்கை இருபத்திரண்டு, ஆளு இருபத்து மூணு. பதினாறாம் படுக்கைக்கு ரெண்டு பேரைச் சொல்றீங்க. ஒருத்தர் லாரி டிரைவர், இருமல். இன்னொருத்தர் வயசானவர், தினமும் 'அப்படியே இருக்கார்'. இது சரியாகாம நான் வார்டை வாங்கிக்க மாட்டேன்."

விடிந்தால் திங்கட்கிழமை. இவள் வாங்கிக்கொள்ளாவிட்டால் தூக்கம் கிடையாது. தூக்கம் இல்லாவிட்டால் வார்டும் கிடையாது. நர்ஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பெரியவர் இப்ப இல்லம்மா. போய்ப் பதினாலு நாள் ஆச்சு" என்றாள் கடைசியில். "காலைல ஏழு மணிக்குத் தாளை ஒட்டிட்டுக் கிளம்பறேன். 'நீ போயிட்டா யாரு பாப்பா?'ன்னு கேட்டார். அடுத்த சிஸ்டர் வந்தாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவ வெளிய கவச உடுப்பை மாட்டிக்கிட்டு நிக்கறா. உள்ள வர்றதுக்குள்ள, ஏழு பத்துக்குப் போயிட்டார். பக்கத்துல ஒருத்தரும் இல்ல. அவரை மட்டும் நான் யார்கிட்டயும் ஒப்படைக்கவே இல்ல."

நாத்தனார் அந்த வரியை அடித்துவிடுவாள் என்றுதான் நர்ஸ் நினைத்தாள். அவள் அடிக்கவில்லை.

"ஏழுலேருந்து ஏழு பத்து. பத்து நிமிஷம்" என்றாள். "அந்தப் பத்து நிமிஷம் நான் கூட இருந்தேன்னு எழுதிக்கறேன்."

"நடக்காததை ரெக்கார்டுல எழுதக் கூடாது."

"அது உங்க ஆஸ்பத்திரி சட்டம் அண்ணி. இது என் நோட்டு."

எழுதினாள். நேரம் போட்டுக் கையெழுத்தும் போட்டாள். நர்ஸுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கவசத்துக்குள் அழுதால் முகக் கண்ணாடி மங்கி ஊசி குத்த முடியாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, டூட்டி நர்ஸிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"தண்ணி கேட்டாரா?"

"கேட்டார் அண்ணி. குடுத்தேன்."