ஈரத்துண்டைத் திட்டியது யார்?

முப்பத்து நாலு வயது மனிதனை ஊரே ‘சித்தப்பா’ என்று கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வர வேண்டும். இவருக்கு வரவில்லை. கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை ஆடிப் பிழைக்கிறவர்கள் மத்தியில் இருபத்தைந்தைத் தாண்டினாலே கிழவன்தான். தாத்தா என்று கூப்பிடாமல் சித்தப்பாவோடு விட்டார்களே என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கலாம்.

சித்தப்பாவின் வித்தை ஒன்றே ஒன்று. எல்லாரும் தலைதெறிக்க ஓடும்போது அவர் ஒரு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். காலடிச் சத்தத்தைக் கேட்பார். வருவது யார், எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்பதெல்லாம் அவர் காதுக்கே தெரிந்துவிடும். கதவு திறக்கும், வந்தவன் கதை முடியும். இந்த நிற்கிற வித்தையை வைத்தே மனுஷன் கோப்பை கோப்பையாக வாங்கிக் குவித்தார்.

அவருடைய ரசிகர் மன்றத்தின் தலைவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவர். மன்றத்தை ஆரம்பித்ததே அவர்தான். அதனால் தேர்தல் கீர்தல் என்று யாரையும் தொந்தரவு செய்யாமல் தலைவராகவும் ஆகிவிட்டார். கடையில் முதலாளி அவரை “ஏய், இங்க வா” என்பார். மன்றத்தில் ஆயிரக்கணக்கான பேர் “தலைவரே” என்பார்கள். மனிதன் எதை நினைத்துக்கொண்டு தூங்குவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒருநாள் கம்பெனிக்காரன் பழைய ஆட்டத்தை இழுத்து மூடிவிட்டு, புது ஆட்டத்தைத் திறந்தான். புதிதில் கதவு என்பது பேருக்குத்தான். ஒரு குண்டு பட்டால் கதவும் தூள், பின்னால் நிற்கிறவரும் தூள். காலடிச் சத்தத்தை அமுக்குகிற மாதிரி ஓயாமல் ஒரு இரைச்சல் வேறு. பழைய பெயர்களையும் துடைத்துவிட்டான். எல்லாரும் புதுப்பெயர் வைத்துக்கொண்டு அடியிலிருந்து வர வேண்டும். யார் எவர் என்று ஒருவருக்கும் தெரியாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைவர் ஆடிக்கொண்டிருந்தபோது, அவருடைய அணியில் ‘ஈரத்துண்டு’ என்று பெயர் வைத்த ஓர் ஆள் வந்து சேர்ந்தான். வந்தவன் நேராக ஒரு கதவுக்குப் பின்னால் போய் நின்றான். செத்தான். மறுபடி வந்தான், வேறொரு கதவைத் தேடிப் பிடித்து நின்றான். மறுபடி செத்தான். மூன்றாவது கதவோடு தலைவரின் பொறுமை போய்விட்டது.

“யோவ் ஈரத்துண்டு!” மைக்கில் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “கதவுக்குப் பின்னாடி நிக்கறதுக்கு நீ என்ன பெரிய சித்தப்பாவா? அவர் நின்னா அதுக்குப் பேரு கலை. நீ நிக்கறது செருப்புக்குக் காவல்! போ, போய் அவரோட பழைய ஆட்டத்தப் பாத்துக் கத்துக்கிட்டு வா!”

திரையின் மூலையில் ‘மன்னிக்கவும்.’ என்று ஈரத்துண்டு எழுதிய ஒரு வரி மட்டும் வந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி அதை எட்டிப் பார்த்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களையும் இடுப்பெலும்பு முறிந்தவர்களையும் நாள் முழுக்க நடக்கப் பழக்குகிறவள். “அய்யய்யோ, மன்னிக்கவும்னு முழுசா எழுதி முற்றுப்புள்ளி வேற வெச்சிருக்காரு. யாரோ பெரியவருங்க. உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? கொடுங்க இங்க,” என்று ஹெட்ஃபோனைப் பிடுங்கினாள்.

“ஐயா, அவர் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க நல்லாத்தான் ஆடுறீங்க. இந்த வயசுல இவ்ளோ பண்றதே பெரிய விஷயம் இல்லையா? மெதுவா வரும். அவசரமே இல்ல. சபாஷ், அவ்ளோதான்.”

ஈரத்துண்டு ஆட்டத்தைவிட்டுப் போய்விட்டது. “பாத்தீங்களா, நிம்மதியாப் போறாரு,” என்று சொல்லிவிட்டு அவள் துணியை மடிக்கப் போனாள்.

அடுத்த வாரம் சித்தப்பாவின் வீடியோ வந்தது. சின்ன வீடியோதான். இத்தோடு முடித்துக்கொள்கிறேன், எல்லாருக்கும் நன்றி என்றார். கடைசியில், “போன வாரம் ஒரு ஆட்டத்துல ஒருத்தங்க என்கிட்ட ரெண்டு வார்த்த பேசினாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்,” என்று சொல்லிச் சிரித்துவிட்டு அணைத்துவிட்டார்.

ஐயோ, அதற்குப் பிறகு ரசிகர்கள் அழுத அழுகை இருக்கிறதே! தங்கள் முகப்புப் படத்தைக் கறுப்பாக மாற்றியவர்கள், வேலைக்கு லீவு போட்டவர்கள், ‘என் இளமை முடிந்தது’ என்று எழுதிய பத்தொன்பது வயதுக்காரன். போன போட்டியில் சித்தப்பா தோற்றபோது ‘கெழவா, எடத்தக் காலி பண்ணு’ என்று எழுதியவனும் இப்போது ‘ஏன் சித்தப்பா எங்கள அனாதையாக்கிட்டீங்க?’ என்று எழுதினான். பழையதை அழித்துவிட்டாவது புதியதை எழுதியிருக்கலாம். அதற்கும் சோம்பல். இரண்டும் அடுத்தடுத்து நின்று பல்லிளித்தன.

அழுது முடிந்ததும் ஆளாளுக்குக் கோபம் வந்தது. யார் அந்தப் பாவி? என்ன சொல்லித் திட்டினான்? திட்டியதாகச் சித்தப்பா சொல்லவே இல்லை. ஆனால் ரசிகர்களுக்கு வார்த்தை என்றாலே வசவுதான். வேறு வகை வார்த்தை உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது.

தலைவர் பொங்கி எழுந்தார். மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு அறிக்கை எழுதினார்: ‘அந்த நாக்கு யாருடையது என்று கண்டுபிடிக்காமல் ஓயமாட்டேன். சித்தப்பாவின் பிரிவுபசாரக் கூட்டத்தில், அவர் முன்னாலேயே, அவன் பெயரை நானே சொல்வேன். இது என் மன்றத்தின் மேல் ஆணை.’ அதற்கு விழுந்த இதயக் குறிகளை எண்ணிப் பார்த்து அவருக்கே மெய்சிலிர்த்தது.

துப்புத் துலக்கும் வேலையைத் துணைத்தலைவரிடம் ஒப்படைத்தார். கூரியர் ஆபீஸில் வேலை செய்கிற பையன் அவன். எந்தப் பார்சல் எங்கே காணாமல் போனாலும் மோப்பம் பிடித்து விடுவான் என்பதால் ‘உளவு’ என்று பட்டப்பெயர்.

இரண்டே நாளில் உளவு கடைக்குப் போன் போட்டான். “தலைவரே, சித்தப்பா யாருக்கும் தெரியாம வேற பேர்ல ஆடிப் பழகிட்டிருந்திருக்காரு. பேரக் கேட்டா சிரிப்பீங்க.”

“என்ன பேரு?”

“ஈரத்துண்டு.”

மிஷினில் வைத்திருந்த லென்ஸ் ‘கிரீச்’ என்று கத்தி ஓரம் பெயர்ந்தது. முதலாளி உள்ளேயிருந்து ஏதோ திட்டினார். தலைவர் காதில் விழவில்லை.

“தலைவரே? லைன்ல இருக்கீங்களா? இன்னொரு விஷயம். அன்னைக்கு அந்த அணியில இருந்த ஒருத்தன் ஆடுற ஆட்டம் எல்லாத்தையும் சத்தத்தோட பதிவு பண்ணி வைக்கிறவனாம். வாங்கிட்டேன்.”

“கே... கேட்டியா?”

“கேப்பேனா! பிரிச்சுக்கூடப் பாக்கல. கூட்டத்துல எல்லாரும் சேந்து கேக்கலாம். நீங்க பேர் சொல்லணும், நான் பதிவப் போடணும். எப்படி இருக்கும்!”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ‘என்னைத் துரத்திவிடுவார்கள்’ என்பதைவிட, ‘அவருக்குத் தெரிந்துவிடுமே’ என்பதுதான் அவரைத் தின்றது. பத்து வருஷமாகத் தலைமேல் தூக்கி வைத்து ஆடிய மனிதனைச் செருப்புக்குக் காவல் என்று சொல்லிவிட்டோமே! அதுவும் அவரிடமே, அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறோமே!

“நல்லவேள நான் ரெண்டு வார்த்த ஆறுதலாச் சொன்னேன்,” என்றாள் மனைவி. “அதனாலதான் அவர் தாங்கினாரு. கூட்டத்துக்கு முன்னாடியே போய் நேர்ல மன்னிப்புக் கேட்டுடுங்க. கேட்டா ஒண்ணும் கொறஞ்சு போயிடமாட்டீங்க.”

கூட்டம் ஒரு ஓட்டலின் மேல்மாடிக் கூடத்தில். சித்தப்பாவைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். தலைவர் உள்ளே போனபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம், பின்மண்டையில் வழுக்கை. இத்தனை வருஷத்தில் இருவரும் நேருக்கு நேர் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. தலைவர் தொண்டையைக் கனைத்து, “சித்தப்பா...” என்றார்.

அவ்வளவுதான். திரும்பாமலே சித்தப்பா சிரித்துவிட்டார். “அட! செருப்புக் காவலா? வாங்க வாங்க.”

அந்தக் காது அது. ஆட்டம் போனாலும் காது போகவில்லை. தலைவர் அப்படியே நாற்காலியில் சரிந்து விட்டார். “மன்னிச்சிடுங்க. நீங்கன்னு தெரியாம... என்னாலதான் நீங்க... நான் ஒரு...” குலுங்கிக் குலுங்கி அழுதார். இது கறுப்புப் படம் மாற்றுகிற அழுகை இல்லை, நிஜ அழுகை.

சித்தப்பா ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். “எதுக்கு அழறீங்க? திட்டினதுக்கா? சின்ன வயசுலேர்ந்து திட்டு வாங்கித்தான் ஆடுறேன். திட்டுக்கு எவனாவது ரிட்டயர் ஆவானா? நீங்க கத்தினீங்க பாருங்க, எனக்கு அப்படியே சூடு ஏறிச்சு. இருடா, அடுத்த கதவுல காட்டுறேன்னு நிமிந்து உக்காந்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு அம்மா வந்தாங்க. சபாஷ், மெதுவா வரும்னாங்க. இந்த வயசுல இவ்ளோ பண்றதே பெரிய விஷயம்னாங்க. ரொம்ப அன்பாத்தான் சொன்னாங்க. என்னப் பாத்து இதுவரைக்கும் யாரும் பரிதாபப்பட்டதில்லீங்க. நிமிந்து உக்காந்தவன் அப்படியே மெஷின அணைச்சிட்டேன்.”

தலைவருக்கு அழுகை நின்றுவிட்டது. “அது என் மனைவி,” என்றார்.

“தெரியும். ஒரே மைக்தானே,” என்றார் சித்தப்பா. “அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நல்ல மனசு.”

கூடம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். தைரியமாகப் பேசுங்கள் என்று கண்ணாலேயே சொன்னாள். மேடையில் உளவு, போனை ஒலிபெருக்கியில் மாட்டிவிட்டு, விரலைப் பொத்தானுக்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். “பேரச் சொல்லுங்க தலைவரே!” என்று கூட்டம் கத்தியது.

அந்தப் பதிவு ஓடினால் முதலில் வரும் குரல் தன்னுடையது. அதற்கு அடுத்து வருவது அவளுடையது. இந்தக் கூட்டத்தின் நாக்கு எப்படிப்பட்டது என்று தலைவரைவிட யாருக்குத் தெரியும்? அந்த நாக்கைத் தீட்டி வளர்த்தவரே அவர்தானே.

“பதிவெல்லாம் வேண்டாம்,” என்றார். “நான்தான் திட்டினேன். ஈரத்துண்டத் திட்டி அனுப்பினது நான்தான்.”

பிறகு ஆரம்பித்தார்கள் பாருங்கள்! துரோகி, கயவன், கூட இருந்தே குழி பறித்தவன். பத்தொன்பது வயதுக்காரன் தண்ணீர் பாட்டிலை வீசினான். “போடு அந்தப் பதிவ! கேப்போம்!” என்று நாலு பேர் எழுந்து நின்றார்கள். உளவின் விரல் கீழே இறங்கியது.

சித்தப்பா எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “அவர்தான் ஒத்துக்கிட்டாரே. இத அழிச்சிடுங்க. எனக்காக.”

உளவு அழித்தான். என்ன பெருந்தன்மை, என்ன பெருந்தன்மை என்று கூட்டம் மறுபடி அழுதது. அழுத கண்ணோடு அங்கேயே கைதூக்கி, தலைவரை மன்றத்திலிருந்து நீக்கி, உளவைப் புதுத்தலைவராக்கியது. சித்தப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி டீ போட்டுக் கொண்டுவந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “உண்மையச் சொன்னீங்களே, அதுவே போதும். இனிமேயாவது வாய அடக்குங்க. ஒரு வார்த்த மனுஷன என்ன பண்ணும்னு பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்,” என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். தோளில் கை வைத்து, நோயாளிகளிடம் பேசுகிற அந்தக் குரலில் சொன்னாள்: “போனாப் போகுது விடுங்க. இத்தன வருஷம் தலைவரா இருந்ததே பெரிய விஷயம். உங்களால முடிஞ்சத நல்லாத்தான் பண்ணீங்க. சபாஷ், அவ்ளோதான்.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். எழுந்து போய்க் கம்ப்யூட்டரிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்து அதற்குள் வைத்தார்.

“ஏன், இன்னைக்கு ஆடலையா?”

“இல்லம்மா. போதும்.”