கண் அளவு

இருபது வருடமாகக் கான்கிரீட் கலக்குகிறேன். வாளியை எண்ணிப் போட்டது கிடையாது. மணலின் ஈரத்தைப் பார்த்தாலே எவ்வளவு தண்ணீர் என்று கைக்குத் தெரிந்துவிடும். "இவன் கண்ணு தராசுடா" என்று மேஸ்திரியே சொல்வார். அந்தப் பேச்சு என் தலைக்கு ஏறி உட்கார்ந்துவிட்டது.

எங்கள் பெண் பிறந்தது ஆபரேஷனில். மனைவிக்கு எழுந்து நின்றால் தையல் இழுக்கும். வருகிறேன் என்ற கொழுந்தியாள் வரவில்லை. அவள் வீட்டில் ஆயிரம் தொல்லை. அதனால் நான்தான் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தேன். மேஸ்திரி போனில் கேட்டார்: "பிள்ளை பெத்தது அவளா, நீயா? நீ எதுக்குய்யா படுத்துக் கெடக்கே?"

படுத்தேனா? துணி துவைத்தேன், சோறு வடித்தேன், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவருக்குச் சுவர் நடந்தேன்.

தாய்ப்பால் போதவில்லை என்று ஆறாம் நாள் டாக்டர் பால் பவுடர் எழுதிக் கொடுத்தார். கட்டிலில் இருந்தபடியே மனைவி சொன்னாள்: "டப்பாவுல அளவு போட்டிருக்கும். படிச்சுப் பார்த்துக் கலக்குங்க."

"படிச்சாச்சு, படிச்சாச்சு."

படிக்கவில்லை. நான் எழுத்துக் கற்றதே முப்பத்தாறு வயதில். முதியோர் கல்வி வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டவளும் மனைவிதான். "எங்க வீட்டுக்காரரு இப்ப பேப்பர் படிக்கிறாரு" என்று அக்கம் பக்கத்தில் சொல்லித் திரிவாள். பெரிய எழுத்தென்றால் தட்டுத் தடுமாறிப் படித்துவிடுவேன். டப்பாவில் இருந்ததோ கடுகு கடுகாக நாலு பத்தி. பிள்ளை வீறிடுகிறது, அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. கலவைதானே, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் புட்டி கெட்டியாகப் பட்டது. பிள்ளையும் கக்கிவிட்டது. கலவை இறுகினால் தண்ணீர் விடுவோம். விட்டேன். தாய்ப்பாலின் நிறத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். புட்டியைச் சொட்டு விடாமல் குடித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் குடித்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி அழுவாள்.

"பசியா இருக்குமோ?" என்பாள் மனைவி.

"இப்பத்தானே புட்டி காலியாச்சு? உன்னை மாதிரி, அழுறதுக்குன்னே பொறந்தது."

அவள் சிரிக்கவில்லை. "எங்கிட்ட பால் இருந்தா ஏன் அழப்போறா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் மருத்துவமனையில் நர்ஸ் பிள்ளையைத் தராசில் கிடத்தினாள். முள்ளைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், மனைவியைப் பார்த்தாள்.

"பொறந்தப்ப இருந்ததை விடக் குறைஞ்சிருக்கு. என்னம்மா பண்றே வீட்டுல? பட்டினி போடறியா?"

மனைவிக்கு முகம் செத்துவிட்டது. "இல்லக்கா. நேரத்துக்குப் புட்டி குடுக்கறோம். அவருதான் கலக்குறாரு. டப்பாவைப் படிச்சுப் பார்த்து, அளவாத்தான் கலக்குறாரு."

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "எத்தனை கரண்டி?"

இன்னொரு பொய் வாய்வரை வந்தது. பிள்ளையின் விலா எலும்பு தராசின் மேல் தனித்தனியாகத் தெரிந்தது.

"எண்ணலைங்க. கண் அளவு."

"வெறும் தண்ணியைக் குடுத்திருக்கேய்யா" என்றாள் நர்ஸ். முப்பது மில்லிக்கு ஒரு கரண்டி என்று மூன்று தடவை சொன்னாள், மனைவியைப் பார்த்து.

பஸ்ஸில் மனைவி பிள்ளையை என்னிடம் தராமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்ததும் ஒரு கையால் தையலைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போனாள். டப்பாவை எடுக்க நான் கை நீட்டினேன். அவள் அதை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்க வேலைக்குப் போங்க. அங்க போய்க் கலக்குங்க."

போனேன். மறுநாள் வாளி வாளியாக எண்ணிக் கொட்டினேன். "என்னடா, சர்வே எடுக்கறியா?" என்று மேஸ்திரி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

பிள்ளை தேறிவிட்டாள், கன்னம் வைத்துவிட்டது. டப்பாவில் உள்ளதை நான் இப்போது பாராமலே ஒப்பிப்பேன். வீட்டில் யாரும் கேட்பதில்லை.