மஞ்சள் பூசிய சிமெண்ட்

அன்று காலை தூங்குமூஞ்சி மரத்தடியில் இருந்தவர்கள்:

சுவாமிநாதன், தெருக் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கையில் பிளாஸ்டிக் ஃபைல்.

தல்ஹா, என் கூட்டாளி. பழுதான மரங்களைப் பார்த்துச் சொல்லும், வெட்டிச் சீராக்கும் எங்கள் கம்பெனியில் பாதி அவன்.

புகழேந்தி, எங்கள் மரமேறி. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தான்.

தேவானை, இஸ்திரி போடுபவள். அவள் வண்டி அந்த மரத்தடியில்தான் நின்றது.

நான், செம்பியன். கையில் கொட்டாப்புளி, மரச்சுத்தியல்.

அசோகன் அங்கே இல்லை. தேவானையின் புருஷன். எட்டு மாதத்துக்கு முன் இதே தெருவின் மறுமுனையில் வேப்பமரம் விழுந்து செத்துப்போனவன். அவனை விட்டுவிட்டு இந்தப் பட்டியலை எழுத எனக்கு வரவில்லை.

மந்தைவெளியில் டெப்போவுக்குப் பின்னால் போகும் குறுக்குத் தெரு அது. வேம்பு நின்ற இடத்தில் இப்போது வட்டமாக ஒரு சிமெண்ட் பூச்சு. தரையோடு தரை, மேடு பள்ளம் கிடையாது. இருந்தும் தெருக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை வளைத்து ஓட்டிப் போனதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் நானும் வளைந்துதான் நடந்தேன்.

எங்கள் வேலை எளிமையானது. கொட்டாப்புளியால் மரத்தைச் சுற்றி அடியிலிருந்து தலை உயரம் வரை தட்ட வேண்டும். நல்ல மரம் குறுகிய சத்தம் போடும். உள்ளே இற்றுப்போனது காலி டிரம் மாதிரி இழுக்கும். சந்தேகம் வந்த இடத்தில் மெல்லிய துளை போட்டு, வெளியே வரும் தூளைப் பார்ப்போம். பிறகு தல்ஹா கடிதம் அடிப்பான். நிற்கலாம், கிளை குறைக்க வேண்டும், எடுத்துவிட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று. கீழே என் கையெழுத்து.

இதற்கு முன் பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் நான்கு வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். ஒருநாள் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போதே ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அதுவும் கேட்கும் வேலை, இதுவும் கேட்கும் வேலை. இதில் பகல் இருந்தது.

வேம்பு விழுந்த பிறகு பகலும் கெட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் தட்டுகிறேன். பஸ் நிழற்குடைத் தூண், ஆதம்பாக்கத்தில் என் அறைக் கதவு, ஓட்டல் மேசை. எல்லாம் ஒரே சத்தம், காலி. குளிக்கும்போது நெஞ்செலும்பைத் தட்டிப் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சுவாமிநாதன் மரத்தைக் காட்டினார். “எங்காத்து வாசல்லேந்தே தெரியறது. அடி பூரா கறுத்துண்டு வரது பாருங்கோ. போன தடவையும் இந்தக் கரிதானே. நீங்களே எழுதிக் குடுத்திருக்கேள்.”

ஃபைலைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். பார்க்காமலே எனக்குத் தெரியும். ‘அடிமரத்தில் தொடர்ந்து கொட்டப்பட்ட சூடான கரியால் மரம் உள்ளே இற்று விழுந்தது.’ மரம் விழுந்த மூன்றாம் நாள் தல்ஹா அடித்து, நான் கையெழுத்துப் போட்டது.

“இந்த மரமாவது நிக்கணும். வண்டி இங்கேந்து போகணும்னு ஒரு லெட்டர் குடுங்கோ. நான் வாயால சொன்னா இவ கேக்கமாட்டா.”

தேவானை சட்டை ஒன்றின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“இங்கேந்து போயி எங்க சாமி நிக்கிறது? வெயில்ல நின்னா யாரு துணி குடுப்பாங்க?”

“அதுக்கு மரத்தைக் கொல்லலாமா?”

“நான் கொட்டறதில்ல சாமி. அவரு கொட்டிக்கினு இருந்தாரு. எனக்குத் தெரியாமத்தான் கொட்டிக்கீறாரு. அந்த லெட்டர்லயே எழுதிட்டாங்களே. நான் டின்லதான் போடறேன், வேணும்னா பார்த்துக்கோ.”

வண்டிக்கு அடியில் ஒரு பால்பவுடர் டின் இருந்தது, பாதிவரை மணல். கரியை அதில் போட்டு மூடிவிடுவார்கள். அந்த டின்னை எனக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் அசோகனின் வண்டிக்குக் கீழே இருந்ததும் அதுதான். அவன் ஒரு துண்டுக் கரியைக்கூட மரத்தடியில் கொட்டியவன் இல்லை. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

தட்ட ஆரம்பித்தேன். புகழேந்தி மேலே ஏறிக் கிளை பிரியும் கவைகளைப் பார்த்தான். அரைமணி நேரம். எங்கே தட்டினாலும் குறுகிய சத்தம். கறுப்பை நகத்தால் சுரண்டினேன். கையோடு வந்தது. புகைக்கரி. கீழே பட்டை உயிரோடு இருந்தது. இரண்டு இடத்தில் துளை போட்டோம். தூள் வெளிர் நிறத்தில், லேசான ஈரத்தோடு வந்தது.

தல்ஹா என்னை இழுத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போனான்.

“மச்சி, இன்னா எழுதப் போற?”

“மரம் நல்லா கீது. வேற இன்னா எழுதறது?”

“யோசிச்சு பேசு. அதே வண்டி, அதே கரி. வேம்பைவிட இது கிட்டக்க நிக்குது. இது நல்லா கீதுன்னா அது ஏன் விழுந்துச்சுன்னு கேப்பாரு. வயசானாலும் அவரு மூளை வேலை செய்யுது.”

“கேக்கட்டும்.”

“கேட்டா நீ இன்னா சொல்லுவ? சேலையத் தூக்கிப் பாக்கலன்னு சொல்லுவியா?”

அதுதான் விஷயம்.

வேம்பில் சேலை கட்டியிருந்தது. முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரை, மஞ்சள் சேலை, முன்னால் ஒரு சின்னச் சூலம். இந்த ஊரில் பாதி வேம்புகள் அப்படித்தான். சேலை கட்டிய மரத்துக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புகழேந்தி முதலில் கற்பூரம் ஏற்றுவான். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலைக்கு மேலே தட்டுவேன், கீழே தட்டுவேன். சேலையைத் தொடமாட்டேன். ‘சுற்றிலும் தட்டப்பட்டது’ என்று கடிதத்தில் வரும். வழக்கத்தை உண்டாக்கியவன் தல்ஹா. அம்மன் சேலையில் ஒரு பாய் கை வைத்தான் என்று தெருவில் யாராவது ஆரம்பித்தால் கம்பெனி அன்றோடு முடிந்தது என்பான். “என் கை படவேணாம் மச்சி, என்கூட வந்த உன் கையும் படவேணாம்.” அவன் பயத்தில் தப்பு சொல்ல முடியாது. எனக்கும் வசதியாக இருந்தது. ஒரு மரத்துக்குக் கால்மணி நேரம் மிச்சம்.

ஆனி மாதம் அந்த வேம்பைப் பார்த்தேன். மேலே நல்ல சத்தம், கீழே நல்ல சத்தம். நிற்கலாம் என்று எழுதினேன். அதிலிருந்து இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் அரைமணி நேர மழைக்கு அது முறிந்தது. வேரோடு சாயவில்லை, இடுப்பு உயரத்தில் முறிந்தது. ஆடி பிறக்க நாலு நாள் இருந்தது.

நான் போனபோது அசோகனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சேலை கிழிந்து தொங்கியது. அதற்குள்ளே மரத்தில் அரையடி அகலத்துக்கு ஒரு சிமெண்ட் அடைப்பு. எந்தக் காலத்திலோ பெரிய கிளையை வெட்டியிருக்கிறார்கள். பள்ளம் விழுந்திருக்கிறது. யாரோ சிமெண்ட் அடைத்திருக்கிறார்கள். அதன் மேல் யாரோ மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சேலை கட்டியிருக்கிறார்கள். சிமெண்டுக்குப் பின்னால் மரமே இல்லை. பழுப்புத் தூள். கையை விட்டேன், முழங்கை வரை போனது.

மரத்தடிக்குத் திரும்பி வந்தேன். தல்ஹா பின்னாலேயே வந்தான்.

“என்ன தீர்மானம் பண்ணேள்?” என்றார் சுவாமிநாதன்.

“மரம் நிக்கும் சார். கரிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அந்த வேம்புக்கும் இல்ல.”

“அப்போ இது?” காகிதத்தை ஆட்டினார்.

“அது பொய். நான்தான் எழுதினேன்.”

சொல்லிவிட்டேன். சேலை, சிமெண்ட், தூள், டின். வரிசையாகச் சொன்னேன், புகார் வாசிப்பது மாதிரி. அந்தக் குரல் எனக்கு நன்றாக வரும், பெருங்குடியில் பழகியது. தேவானை இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேலேயே வைத்திருந்தாள். துணி தீயும் வாசனை வந்தது. புகழேந்திதான் ஓடிப்போய் எடுத்துவைத்தான்.

“அவரு கொட்டலயா?” என்றாள்.

“இல்லக்கா.”

“எட்டு மாசமா அந்தாளத் திட்டிக்கினு கீறேன். படத்துக்கு முன்னால நின்னு திட்டறேன். உன் சாவ நீயே தேடிக்கினியேன்னு.”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“சேலைய ஏன் அவுத்துப் பாக்கல நீ?”

“தொடக்கூடாதுன்னு…”

“யாரு சொன்னா? வருசா வருசம் ஆடிக்கு அந்தச் சேலைய மாத்தறது யாரு? நான்தான். மஞ்சத் தண்ணி ஊத்தினா உள்ள குடிச்சிக்கும், ஒரு குடம் ஊத்தினாலும் வெளிய வராது. கட்டெறும்பா வரும். ஆத்தா குடிக்கிறான்னு நெனச்சிக்கினு ஊத்திக்கினே இருந்தேன். நீ தட்டிக்கினு இருந்தப்ப உனக்குப் பத்தடியில நான் உக்காந்துகினு இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவுத்துக் காட்டியிருப்பேனே, நைனா.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கேட்டுக்கொண்டு நிற்பது எளிதாக இருந்திருக்கும்.

சுவாமிநாதன் பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்தார். “அந்தச் சிமெண்ட்…” என்றார். “நான்தான் நின்னுண்டு போட வெச்சேன். எண்பத்தொன்பதுல. கொத்தனாருக்கு ரெண்டு சட்டி கலவை மிஞ்சியிருந்தது. மரத்துக்கு நல்லதுன்னு நெனச்சேன்.”

நான் அவர் ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வண்டிப் பலகையில் வைத்து எழுதினேன். மரம் நிற்கலாம். வண்டி இருக்கலாம். முந்தைய அறிக்கை தவறு, மரம் விழுந்ததற்குக் காரணம் கரி இல்லை, சேலைக்குள் இருந்த பழுதை நான் சோதிக்கவில்லை. கையெழுத்து. சுவாமிநாதன் அதை இரண்டு முறை வாசித்தார். பழைய காகிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து ஃபைலில் வைத்துக்கொண்டு, “வண்டி இருக்கட்டும்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

தல்ஹா என் கையிலிருந்து கொட்டாப்புளியை வாங்கிக்கொண்டான். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டான்.

“இனிமே நீ தட்டாத மச்சி.”

“சரி.”

“கோவம்னு நெனைக்காத. வீட்ல ஜுவேரியா எட்டு மாசமா கேட்டுக்கினு கீது, ஏன் தூங்க மாட்டேங்கறேன்னு. இப்ப அதுக்கும் நான் இன்னா சொல்றது?”

புகழேந்தி கயிறுகளைச் சுருட்டி எங்கள் வேனில் போட்டான். அவர்கள் இருவரும் கிளம்பினார்கள். நான் ஏறவில்லை.

தேவானை தீய்ந்த சட்டையைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். முதுகில் பெட்டியின் வடிவம் பழுப்பாக விழுந்திருந்தது. மடித்துத் தனியாக வைத்தாள்.

“அன்னிக்கு உன் சட்டைய அவரு தேச்சாரே,” என்றாள்.

நான் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வேம்பைப் பார்த்த அன்று வேர்வையில் நனைந்துவிட்டேன். மாற்றுச் சட்டை பையில் கசங்கிக் கிடந்தது. “இன்னா நைனா, சட்டைய வடை பார்சல் மாரி சுருட்டியாந்துக்கீற, குடு” என்று அசோகன் வாங்கித் தேய்த்தான். காசு வாங்கவில்லை. பேப்பரில் வைத்து நூல் சுற்றிக் கொடுத்தான். அன்று அதைப் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு போட முடியவில்லை. அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது. அந்த அலமாரியை மட்டும் நான் தட்டுவதில்லை.

“கீதா அது?”

“கீது.”

“பிரிச்சியா?”

“இல்ல.”

“எடுத்துக்கினு வா. அவரு கையால தேச்சது என்னாண்ட ஒண்ணுகூட இல்ல. வண்டியில இருந்ததையெல்லாம் அவங்கவங்க வந்து எடுத்துக்கினு பூட்டாங்க. கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்ல முடியுமா?”

ஆதம்பாக்கம் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆனது. தேவானையின் வண்டி துணி போட்டு மூடியிருந்தது. அவள் வீடு தெருமுனைக்குப் பின்னால், ஒரு பொது முற்றத்தைச் சுற்றி இருந்த ஆறு அறைகளில் ஒன்று. எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. யாரோ மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் டிவி ஓடியது.

பொட்டலத்தை நீட்டினேன். வாசலிலேயே நின்று நூலைப் பார்த்தாள். எத்தனை சுற்று என்று பார்ப்பது போலிருந்தது. அவிழ்க்கவில்லை. பேப்பருக்கு மேலாகவே விரலால் தடவி, காலர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நிறுத்தினாள்.

“யக்கா,” என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல வந்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

“மரம் விழாது இல்ல?”

“விழாது.”

“அம்மா சாமி மேல சத்தியமா?”

“என் காது மேல. தட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.”

பிறகு பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள் விழுந்தது. கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தது. மீன் கழுவியவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பகலில் அந்த முற்றத்தில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. அதற்கப்புறம் உள்ளேயிருந்து பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.