உள்ள நமக்கு ஆளு இருக்கு

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் புக்கிட் செந்தோசா சிறுதொழில் முனைவோர் சங்கத்தின் ஆண்டு மலர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சங்கச் செயலாளர் நவமணி வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். போனில் கூப்பிட்டார். "சார், தனியா தொழில் பண்றவங்க எப்படித் தொடர்புகள வளர்த்துக்கிறதுன்னு ஒரு கட்டுரை குடுங்க. ஒரு பக்கம் போதும்லா. பாசிட்டிவா இருக்கட்டும்."

நானும் தனியாகத் தொழில் செய்பவன்தான். எழுதுகிறேன். என் தொடர்புகளின் லட்சணம் என் புத்தகங்களை வாங்கியவர்களுக்குத் தெரியும், அதாவது யாருக்கும் தெரியாது. இருந்தாலும் ஆரம்பித்தேன்.

"இன்றைய போட்டி நிறைந்த உலகில் ஒவ்வொரு தொழில்முனைவோரும்—"

இதை எழுதிய கையைத்தான் அடிக்க வேண்டும். இன்னொரு தொடக்கம்: "ஒரு புன்னகை ஆயிரம் வாசல்களை—"

வேண்டாம். மூன்றாவது தொடக்கத்துக்குள் ஒரு மனிதர் அழையாமலே வந்து உட்கார்ந்துகொண்டார். தொடர்பு வளர்ப்பவர்கள் அப்படித்தான் வருவார்கள்.

2

அவர் பெயர் ஜெய்னுலாப்தீன். தொண்டியிலிருந்து கப்பலேறி வந்தவர். காலம் மலாயாவின் அவசரகாலம், வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று. கலும்பாங் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்து வாசலுக்கு எதிரே அவருடைய மளிகைக் கடை. முதலாளியும் அவரே, காலையில் கடையைக் கூட்டுகிறவரும் அவரே. (இவரை நான் பார்த்ததில்லை, முழுக்கக் கற்பனை. நம்பாவிட்டால் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள், இதே ஆளில் ஒரு டஜன் காட்டுகிறேன்.)

இன்றைக்குக் கழுத்துப்பட்டை கட்டிய ஆலோசகர்கள் ஓட்டலில் மேடை போட்டுச் சொல்வதையெல்லாம் அவர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார். பெயரை மறக்காதே என்கிறார்களா? தொழிலாளர் லயத்தில் எல்லார் பெயரும் அவருக்குத் தெரியும், எந்த வீட்டில் யாருக்கு இருமல் என்பதும் தெரியும். முதலில் கொடு, பிறகு கேள் என்கிறார்களா? தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியத்துக்கு வெற்றிலை, வேலை வாங்கும் மண்டோர் உடையப்பனுக்குச் சுருட்டு, வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் மலாய்க் காவலருக்குக் கையில் ஒரு டம்ளர் சர்பத். கூட்டம் கூடும் இடத்துக்குப் போ என்கிறார்களா? தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டதே பாய்தான்.

"ஊருல உள்ள பேரெல்லாம் மனசுல வச்சிருக்கிய மச்சான்" என்பாள் கடைக்குப் பின்னால் சமைத்துக்கொண்டிருக்கும் மனைவி மரியம். "அடுப்படியில மொளகா தீந்துபோச்சுன்னு சொன்னது மட்டும் நிக்கல."

தன்னை ஒரே வரியில் அறிமுகப்படுத்தத் தெரிய வேண்டுமாம். ஆலோசகர்களின் கடைசிப் பாடம் அது. ஜெய்னுலாப்தீனிடம் அந்த வரி தயாராக இருந்தது.

"கவலய விடுங்க. உள்ள நமக்கு ஆளு இருக்கு."

உள்ளே என்றால் தோட்டத்து ஆபீஸ், ஆள் என்றால் கிராணி. அவ்வளவுதான் விஷயம்.

3

இங்கே கதைக்கு ஒரு சங்கடம் வர வேண்டும். கதை எழுதும் புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன. நல்லவேளை, அரசாங்கம் எனக்கு அந்த வேலையை மிச்சப்படுத்திவிட்டது. காட்டில் ஒளிந்திருக்கும் போராளிகளுக்குச் சாமான் போகக்கூடாதென்று லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். சாலையோரக் கடைகளை மூடச் சொன்னார்கள். வேலிக்குள்ளே ஒரே ஒரு கடைக்குத்தான் லைசென்ஸ். அது கிடைத்தால் ஜெய்னுலாப்தீனுக்குப் பிழைப்பு, கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

[அடிக்குறிப்பு. பக்கத்தின் அடியில் நவமணி விளம்பரம் போடப் போவதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அப்போது பால் டின்னை விற்கும்போதே கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின் சீக்கிரம் கெட்டுப்போகும், காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்ச் சேராது. வாடிக்கையாளர் சேவையில் இதையும் ஒரு புதுமையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.]

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கங்கா கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள்.

"பாய், கடய மூடிருவாங்களாம்லா? புள்ளைக்குப் பால் டின்னுக்கு நான் எங்க போவேன்?"

ஜெய்னுலாப்தீன் ஆணியை எடுத்து டின்னில் ஒரு தட்டுத் தட்டினார். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"நீ ஏன் புள்ள கவலப்படுற? உள்ள நமக்கு ஆளு இருக்கு. சாமான் எப்பவும் போல உள்ள போவும்."

அந்த நாலு பேரில் ஒருவர் அர்ஜுனன். கோலசிலாங்கூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ் மொழிபெயர்ப்பாளர், சிகரெட் வாங்க வந்திருந்தார். அவர் பெயர் மட்டும் ஜெய்னுலாப்தீனுக்கு இன்னும் தெரியாது.

அந்தப் பக்கத்தில் அப்போது "உள்ள" என்றால் காடு. கம்யூனிஸ்ட் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உள்ளே இருக்கிறவர்கள் என்பார்கள். அர்ஜுனன் அதை மலாயில் 'ஓராங் டாலாம்' என்று எழுதிக்கொண்டு போனார். ஜெய்னுலாப்தீனுக்கு இந்த அர்த்தம் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகவே தெரியும். ஆனால் எந்த வியாபாரி தன் விளம்பரத்தைத் தானே காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்?

4

போலீஸ் ஸ்டேஷனில், பிடித்து வந்த ஜெய்னுலாப்தீனுக்கு எதிரே ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் அர்ஜுனன்.

"உள்ள யாரு?"

"ஐயோ, உள்ளன்னா வேலிக்கு உள்ளங்க. காடு இல்லங்க."

"சரி, வேலிக்கு உள்ள யாரு?"

கிராணி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்த நாற்காலியில் கிராணி உட்கார்ந்திருப்பார், அவரையும் இதே கேள்வி கேட்பார்கள். ஜெய்னுலாப்தீன் அந்தப் பெயரை விழுங்கிக்கொண்டார். அதிகாரி ஏதோ சொன்னார், அர்ஜுனன் தமிழாக்கினார்.

"ஒனக்கு யார் யாரத் தெரியும்? எல்லாப் பேரையும் சொல்லு."

வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். யாரைத் தெரியாது அவருக்கு? மார்பு தானாக நிமிர்ந்தது. முதல் பெயர் நாக்குக்கு வந்தது. அப்போதுதான் அர்ஜுனன் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருப்பதைப் பார்த்தார்.

"எனக்கு யாரையும் தெரியாதுங்க" என்றார்.

(இந்த வரியை எழுதும்வரை அவரைக் கேலி செய்வது எனக்குச் சுலபமாக இருந்தது. இப்போது கேலி வரவில்லை. நையாண்டிக்கு இது நல்லதில்லை. தேற்றிக்கொண்டு மேலே போகிறேன்.)

அதிகாரிக்கும் அது அதிசயமாகத்தான் இருந்தது. ஒரு கடைக்காரனுக்கு யாரையும் தெரியாதா? சரி, மறுநாள் காலை தோட்டத்துப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும் வரிசையில், எல்லார் முன்னாலும் இவனை நிறுத்துவோம். இவனைத் தெரியும், நல்லவன் என்று ஒரே ஒருவர் முன்னால் வந்து சொன்னால் கடைக்குத் திரும்பலாம். யாரும் வராவிட்டால் பெண்டாட்டியோடு தொண்டிக்கே கப்பல்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. கிராணி சுப்பிரமணியம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்னே வருகிறார். "இவரை நான்—" இல்லை, வரமாட்டார். பேர் கூப்பிடும் புத்தகத்தில் தலையைப் புதைத்துக்கொண்டிருக்கிறார், இன்றைக்கென்று பார்த்து அதில் நிறைய எழுத்துப் பிழைகள். மண்டோர் உடையப்பனுக்கும் திடீரென்று செருப்பில் ஏதோ கோளாறு.

ஆ. கங்கா வருகிறாள், இடுப்பில் குழந்தையோடு. வாசகர் கண்ணீர் விடுவது உறுதி. எழுதியும் முடித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது: சாமான் உள்ளே போகும் என்று அவர் சொன்னது இவளிடம்தான். இவள் முன்னால் வந்தால் பிள்ளையோடு இவளையும் லோரியில் ஏற்றிவிடுவார்கள். கையைப் பிடித்து நானே அவளைப் பின்வரிசைக்கு இழுத்துவிட்டேன்.

இ. நவமணி கேட்ட பாசிட்டிவ் முடிவு. தப்பு புரிந்து அதிகாரி விழுந்து விழுந்து சிரிக்கிறார், லைசென்ஸ் கொடுக்கிறார், ஜெய்னுலாப்தீன் பேரங்காடி முதலாளி ஆகிறார். மலரின் நடுப்பக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் அந்த அதிகாரியைச் சிரிக்க வைக்க என்னால் முடியவில்லை, எவ்வளவோ முயன்றேன்.

6

எனவே கட்டுரை முடியவில்லை, நவமணி. மன்னிக்கவும்.

வாசகரே, நீங்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். அதோ அந்த வரிசையில், உடையப்பனுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நில்லுங்கள். இன்னும் முழுதாக விடியவில்லை, பனி இறங்குகிறது. ஜெய்னுலாப்தீனை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். தலையைக் குனிந்திருக்கிறார். பயத்தில் என்று நினைக்காதீர்கள். யார் முகத்தையாவது பார்த்துவிட்டால் பழக்கதோஷத்தில் நலம் விசாரித்துவிடுவார். அந்த ஆளை இழுத்துக்கொண்டு போக அது போதும்.

மரியம் லோரிக்குப் பக்கத்தில் ஒரு துணி மூட்டையோடு நிற்கிறாள். உங்களில் யார் பெயரும் அவளுக்குத் தெரியாது. அதனால் அவள் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள்.

"இவர யாருக்காச்சும் தெரியுமா?" என்று அர்ஜுனன் கேட்டாயிற்று. மலாயிலும் ஒரு தடவை கேட்டுவிட்டார். டிரைவர் லோரியை முடுக்கிவிட்டார்.

எழுதுகிறவன் வரிசைக்கு வெளியே நிற்கிறேன், என்னை யாரும் கேட்கவில்லை. மரியத்தின் பார்வை இப்போது உங்களிடம் வந்திருக்கிறது.